கோட்டுக்கு வெளியே நிற்கக் கற்றவர்கள்

ஹாக்கியில் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லித்தருவது பந்தை நிறுத்துவது. ட்ராப் என்போம். பார்க்க ஒன்றுமில்லாத வேலை போலிருக்கும். எதிரிலிருந்து பந்து வருகிறது, ஸ்டிக்கைக் காட்டுகிறோம், பந்து நிற்கிறது. பிரித்துப் பார்க்கும்போதுதான் அதற்குள் இத்தனை வேலைகள் அடங்கியிருப்பது தெரியும். பந்து கிளம்பும் இடத்திலேயே கண் போய் நிற்க வேண்டும். அது வரும் கோட்டுக்குக் கால் முதலில் நகர வேண்டும். கையை நீட்டி எட்டிப் பிடிக்கிற பழக்கம் ஒருமுறை வந்துவிட்டால் பிறகு மாற்றுவது பெரும்பாடு. இடது கை ஸ்டிக்கின் உச்சியை இறுக்கிப் பிடித்திருக்க, வலது கை கீழே தளர்ந்திருக்க வேண்டும். வலது கை இறுகினால் பந்து பட்ட வேகத்தில் தெறித்து ஓடும். ஸ்டிக்கின் மேல்பகுதி சற்று முன்னால் சாய்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பந்து எழும்பிவிடும். நின்ற பந்து அடுத்த பாஸுக்குத் தோதாக, உடம்புக்கு வலப்புறம் கொஞ்சம் முன்னால் நிற்க வேண்டும்.

இவ்வளவும் ஒரு நல்ல ஆட்டக்காரருக்குக் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடுகிறது. எப்படி என்று அவரிடம் கேட்டால், “பாத்து எடு தம்பி, அவ்ளோதான்” என்பார். உண்மையைத்தான் சொல்கிறார். அவரைப் பொறுத்தவரை அவ்வளவுதான்.

நான் இந்தியாவுக்கு ஆடியவன் இல்லை. பல்கலைக்கழக அணிவரை ஹாஃப் வரிசையில் ஆடினேன். வீடு புதுச்சேரி நெல்லித்தோப்பில். மாதா கோயில் பக்கத்துத் தெருக்களிலிருந்தும் மார்க்கெட் பக்கமிருந்தும் வருகிற பிள்ளைகளை விடிகாலையில் சேர்த்துக்கொண்டு உப்பளம் பக்கம் பயிற்சிக்குப் போகிறேன். கால்பந்தும், பெத்தாங் என்கிற பிரெஞ்சுக் குண்டாட்டமும் வேர்விட்ட ஊர் இது. ஹாக்கி ஸ்டிக்கை சைக்கிளில் செருகிக்கொண்டு போகிற பையனைத் தெருவில் இன்னும் திரும்பிப் பார்க்கிறார்கள். இந்தச் சின்ன வட்டத்துக்குள்ளிருந்துதான் ஒரு கேள்வியைப் பல காலமாக யோசித்துவருகிறேன். பெரிய ஆட்டக்காரர்களில் சிலர் மட்டும் நல்ல கோச் ஆகிறார்களே, அவர்களிடம் மட்டும் என்ன இருக்கிறது?

அந்தக் கேள்வியை எனக்குள் கூர்மையாக்கியது ஒரு கோடை முகாம். வெளியூரிலிருந்து பெயர்பெற்ற முன்னாள் ஆட்டக்காரர் ஒருவர் வந்திருந்தார். பந்தை வலமிருந்து இடமாக இழுத்து, மணிக்கட்டைத் திருப்பி, ஸ்டிக்கை மறித்து எதிராளியைத் தாண்டுகிற டாட்ஜைச் செய்து காட்டினார். அந்த வயதிலும் அந்தக் கைக்கு ஈடு கிடையாது. பிள்ளைகள் கைதட்டினார்கள். “இப்ப நீங்க” என்றார். ஒருவருக்கும் வரவில்லை. மறுபடி காட்டினார், முதல் தடவையைவிட வேகமாக. மறுபடியும் வரவில்லை. அவர் அன்பானவர், பிள்ளைகள்மேல் கோபப்படவில்லை. ஆனால் அவர் முகத்தில் உண்மையான வியப்பு இருந்தது. இது ஏன் இவர்களுக்கு வரவில்லை என்பது அவருக்கு விளங்கவேயில்லை.

மறுநாள் வந்தவர் அவ்வளவு பெயர் வாங்காத ஃபுல் பேக். முழங்காலில் அறுவை சிகிச்சை செய்து, வருடக்கணக்கில் வெளியே இருந்து, மறுபடி ஆடவந்தவர். அவர் முதலில் எல்லோரையும் ஸ்டிக்கைக் கீழே வைக்கச் சொன்னார். இரண்டு இரண்டு பேராக எதிரெதிரே நிறுத்தி, “அவன் எடை எந்தக் கால்ல இருக்குன்னு மட்டும் பாரு” என்றார். தோளைத் தாழ்த்தினால் எதிராளியின் எடை எந்தப் பக்கம் போகிறது என்பதை வெறுங்கையோடு திரும்பத் திரும்பச் செய்யவைத்தார். எடை போன காலைத் தூக்கி மறுபக்கம் வைக்க ஒரு கணம் ஆகும், நமக்குக் கிடைக்கும் வழி அந்தக் கணம்தான் என்று பிள்ளைகளே சொல்லும்வரை விடவில்லை. பிறகுதான் பந்து. அன்று மாலைக்குள் பாதிப் பேருக்கு டாட்ஜ் அரைகுறையாகவாவது வந்துவிட்டது.

இருவரில் யார் பெரிய ஆட்டக்காரர் என்று கேட்டால் முதலாமவர்தான், அதில் சந்தேகமேயில்லை. இரண்டாமவருக்கோ நடப்பதையே திரும்பக் கற்க வேண்டிய நிலை ஒருமுறை வந்தது. எந்தத் தசை எப்போது வேலை செய்கிறது, எந்தக் காலில் எடை விழுகிறது என்பதைச் சொல் சொல்லாக அறிந்து மீட்டெடுத்தவர் அவர். அதனால் அதைப் பிரித்துப் பிறருக்குக் கொடுக்க அவருக்கு வழி தெரிந்திருந்தது. தன் ஆட்டத்தை வாழ்க்கையில் ஒருமுறையாவது அடியிலிருந்து மறுபடி கற்க நேர்ந்தவர்தான் நல்ல கோச் ஆகிறார் என்பது என் கணிப்பு. இதை வைத்துக்கொண்டு நம் ஹாக்கி வரலாற்றைப் பார்த்தால் பல விஷயங்கள் தெளிவாகின்றன.

1975-இல் கோலாலம்பூரில் இந்தியா உலகக் கோப்பையை வென்றது புல் தரையில். அடுத்த ஆண்டு மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் செயற்கைத் தரை வந்தது. 1928 முதல் எந்த ஒலிம்பிக்கிலும் பதக்கமில்லாமல் திரும்பாத நாடு அங்கே 7-ஆவது இடத்துக்குப் போனது. புல்லிலும் மண்ணிலும் பந்து துள்ளித் துள்ளி வரும். அதைப் பணியவைக்கக் கை நயம் வேண்டும். அந்த நயத்தில் உலகமே நமக்குப் பின்னால் இருந்தது. செயற்கைத் தரையில் பந்து துள்ளாது, தாழ்வாக, நேராக, பயங்கர வேகத்தில் வரும். அங்கே முழங்காலை மடக்கி, ஸ்டிக்கைக் கிடையாக வைத்து மறிக்க வேண்டும். ஓட்டமும் மூச்சும் பாஸ் போகும் கோணமும் முன்னுக்கு வந்தன. நம் ஆட்டக்காரர்களின் கைக்குத் தெரிந்த பாதி வித்தை ஒரே இரவில் உதவாமல் போனது.

சென்னைக்காரரான வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் 1980 மாஸ்கோவில் தங்கம் வென்றவர்கள் அந்த மாற்றத்தின் நடுவில் வளர்ந்தவர்கள். பல வலுவான நாடுகள் புறக்கணித்த ஒலிம்பிக் அது, ஆறு அணிகள்தான் ஆடின. அதைச் சொல்லி அந்தத் தங்கத்தின் மதிப்பைக் குறைப்பவர்கள் உண்டு. மண்ணில் பழகிய கையை நடுவழியில் மாற்றிக்கொண்டு ஜெயிப்பது எவ்வளவு கடினம் என்பது, மண் தரையில் பழக்கிய பிள்ளைகளைச் சென்னை டர்ஃபுக்குக் கூட்டிப்போகிற எனக்குத் தெரியும். முதல் கால் பகுதி முழுக்க அவர்கள் ஸ்டிக்குக்கு அடியில் பந்து ஓடிக்கொண்டே இருக்கும். மாஸ்கோ அணியின் கோச் பால்கிஷன் சிங், 1956 மெல்போர்ன் தங்கத்தின் ஆட்டக்காரர். அந்த அணியிலிருந்தே இந்திய அணிக்குப் பாஸ்கரன், மகாராஜ் கிஷன் கௌசிக் என்று கோச்சுகள் வந்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. ஒரே ஆட்டத்தை இரண்டு முறை கற்றவர்கள் அவர்கள்.

கௌசிக் கோச்சாக இருந்த 1998 பாங்காக் ஆசிய விளையாட்டில், 32 ஆண்டுகளுக்குப் பிறகு இந்தியாவுக்குத் தங்கம் கிடைத்தது. தன்ராஜ் பிள்ளை கேப்டன். தென்கொரியாவுடனான இறுதி ஆட்டம் சமனாகி டை-பிரேக்கருக்குப் போனது, கோல்கீப்பர் ஆஷிஷ் பல்லால் காப்பாற்றினார். அந்த அணியின் கோல்கீப்பர்களுக்குப் பயிற்சி தந்தவர் மீர் ரஞ்சன் நேகி. 1982 டெல்லி ஆசிய விளையாட்டு இறுதியில் பாகிஸ்தானிடம் 1-7 என்று தோற்றபோது கோலில் நின்றவர் அவர்தான். அந்த ஏழு கோல்களுக்காகச் சொந்த நாட்டிலேயே பட்ட அவமானம் கொஞ்சமல்ல. ‘சக் தே இந்தியா’ படத்துக்கு அவர் வாழ்க்கைதான் விதை என்று பலரும் சொல்வதுண்டு. படத்தைவிட எனக்குப் பெரிதாகப்படுவது பாங்காக். ஏழு முறை பந்து தன்னைத் தாண்டிப் போன விதத்தை மனதில் எத்தனை ஆயிரம் தடவை ஓட்டிப் பார்த்திருப்பார் அந்த மனிதர்! தன் ஆட்டத்தை அப்படித் திரும்பத் திரும்பப் பிரித்துப் பார்த்தவரிடம் கற்றுக்கொள்ள ஒரு கோல்கீப்பருக்கு நிறைய இருக்கும்.

அந்தத் தங்கத்துக்குப் பிறகு கௌசிக் பதவியிலிருந்து நீக்கப்பட்டார், தன்ராஜ் உள்ளிட்ட மூத்த ஆட்டக்காரர்கள் பலரும் அணியிலிருந்து விலக்கப்பட்டார்கள். நம் நாட்டில் ஒரு ஆட்டக்காரர் கோச் தொழிலுக்கு வரத் தயங்குகிறார் என்றால் அதற்கு இப்படிப்பட்ட நாட்களும் காரணம். ஜெயித்தாலும் வேலை நிலைக்காது என்ற இடத்தில் யார் தன் வாழ்வின் அடுத்த இருபது ஆண்டுகளை வைப்பார்கள்? கௌசிக் பிறகு பெண்கள் அணிக்கும் பயிற்சி தந்தார். 2021-இல் கொரோனா அவரைக் கொண்டுபோனது.

பாஸ்கரனிடம் திரும்புகிறேன், ஏனென்றால் ஆட்டக்காரர் கோச் ஆவதன் மிகக் கடினமான பாடம் அவர் வாழ்க்கையில் இருக்கிறது. மாஸ்கோ இறுதியில் ஸ்பெயினுக்கு எதிராக இந்தியா 3-0 என்று முன்னிலை பெற்று, எதிரணி துரத்திவந்து, கடைசியில் 4-3 என்ற ஒரே கோல் வித்தியாசத்தைக் காக்க வேண்டியிருந்தது. கேப்டன் களத்துக்குள் இருந்தார். ஆபத்து வந்தால் அவரே ஓடிப்போய்ப் பந்தைப் பறிக்கலாம், பக்கத்தில் நிற்பவனைக் கத்தி இழுக்கலாம், பந்தை ஓரக் கோட்டுக்கு வெளியே தள்ளி மூச்சு வாங்கலாம். 20 ஆண்டுகள் கழித்து, 2000 சிட்னி ஒலிம்பிக்கில் அதே பாஸ்கரன் இந்திய அணியின் கோச். போலந்தை வென்றால் அரையிறுதி. இந்தியா 1-0 என்று முன்னிலையில் இருந்தது. ஆட்டம் முடிய இரண்டு நிமிடம்கூட இல்லாதபோது போலந்து கோல் அடித்தது. 1-1. அரையிறுதி போயிற்று.

இரண்டு ஆட்டத்திலும் காக்க வேண்டியிருந்தது ஒரே ஒரு கோலைத்தான். மாஸ்கோவில் உடம்பால் செய்ததை சிட்னியில் உடம்பால் செய்ய முடியாது. ஓரக் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருப்பவருக்கு அந்தக் கடைசி இரண்டு நிமிடத்தில் செய்ய ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. செய்ய வேண்டியதையெல்லாம் பல மாதங்களுக்கு முன்பே செய்திருக்க வேண்டும். கடைசி ஐந்து நிமிடம் ஒரு கோல் முன்னிலையில் பந்தை எங்கே வைத்திருப்பது, யார் முன்னால் போகாமல் பின்னால் நிற்பது, பந்து பறிபோனதும் முதல் அடி யார் வைப்பது என்பதைப் பயிற்சியில் நூறு தடவை ஆடவைத்து, உடம்பில் ஊறவைத்திருக்க வேண்டும். பாஸ்கரன் அதைச் செய்தாரா இல்லையா என்ற விசாரணை எனக்கு வேண்டாம். நன்றாகப் பயிற்சிபெற்ற அணிக்கும் அந்தக் கோல் விழும். நான் சொல்லவருவது அந்த இரண்டு நிமிடத்தின் வலி. தான் இறங்கினால் முடித்துவிடலாம் என்று உடம்பு துடிக்க, உட்கார்ந்தே இருக்க வேண்டிய வலி அது. பெரிய ஆட்டக்காரருக்கு அது இரட்டிப்பாக வலிக்கும். அதன் பிறகும் அவர் திரும்பிவந்து, 2006 உலகக் கோப்பையில் 11-ஆவது இடம் என்ற கசப்பையும் கோச்சாக ஏற்றார். தங்கப் பதக்கம் கழுத்தில் இருக்கும்போது வீட்டில் மரியாதையாக இருந்திருக்கலாம். இருக்கவில்லை. அவர்மேல் எனக்கு மதிப்பு கூடியதற்குக் காரணம் அதுதான்.

வெளிநாட்டில் இந்தப் பாதையை மிக நன்றாக நடந்தவர் என்று நான் நினைப்பவர் ஆஸ்திரேலியாவின் ரிக் சார்ல்ஸ்வொர்த். 1986-இல் உலகக் கோப்பை வென்ற அணியின் ஆட்டக்காரர். மருத்துவம் படித்தவர், நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர், முதல்தரக் கிரிக்கெட்டும் ஆடியவர். அவர் பயிற்சியில் ஆஸ்திரேலியப் பெண்கள் அணி 1994, 1998 உலகக் கோப்பைகளையும் 1996, 2000 ஒலிம்பிக் தங்கங்களையும் வென்றது. பிறகு ஆண்கள் அணியோடு 2010, 2014 உலகக் கோப்பைகள். இவரை மறுபடி கற்க வைத்தது மருத்துவம் என்று எனக்குத் தோன்றுகிறது. நோயாளி சொல்வதைக் கேட்டு, தொட்டுப் பார்த்து, கண்ணுக்குத் தெரியாத கோளாறைக் கண்டுபிடிப்பதுதானே அந்தப் படிப்பு. ஒரு பெண்ணின் ஹிட் ஏன் வலுவில்லாமல் போகிறது என்று பார்ப்பதும் அதே மாதிரியான வேலைதான். கையில் குறை தெரியும், காரணம் பெரும்பாலும் காலில் இருக்கும்.

இப்போது நம் பக்கத்தில் நடப்பதற்கு வருகிறேன். பி.ஆர். ஸ்ரீஜேஷ் 2024 ஆகஸ்ட் 8 அன்று பாரிஸில் ஸ்பெயினை 2-1 என்று வென்ற வெண்கல ஆட்டத்தோடு ஓய்வுபெற்றார். உடனே ஜூனியர் ஆண்கள் அணியின் கோச் ஆனார். எர்ணாகுளம் பக்கம் கிழக்கம்பலத்திலிருந்து திருவனந்தபுரம் ஜி.வி. ராஜா விளையாட்டுப் பள்ளிக்குப் போகும்போது அவர் ஹாக்கிப் பையனே இல்லை, தடகளத்திலிருந்து வந்தவர். பேடைக் கட்டிக்கொண்டு கோலில் நிற்பது அவருக்கு இரண்டாவது பாடம். 2017-இல் முழங்கால் காயம் அவரைப் பல மாதங்கள் வெளியே உட்காரவைத்தது, அது மூன்றாவது பாடம்.

கோல்கீப்பருக்கு இன்னொரு வசதியும் உண்டு. மற்ற பத்துப் பேரும் ஆட்டத்துக்குள் இருக்க, அவர் மட்டும் ஆட்டத்தை முன்னால் விரித்துவைத்துப் பார்க்கிறார். பெனால்டி கார்னரில் அவரோடு நான்கு பேர் கோல் கோட்டுக்குப் பின்னால் நிற்பார்கள். யார் முதலில் பாய்ந்து ஓடுவது, யார் போஸ்டைப் பிடிப்பது, ஃபிளிக் அடிப்பவன் எந்தக் கையை முதலில் அசைக்கிறான் என்பதையெல்லாம் சில நொடிகளுக்குள் அவர் வாயால் சொல்லியாக வேண்டும். டோக்கியோ வெண்கல ஆட்டத்தில் ஜெர்மனியை 5-4 என்று வென்றபோது, கடைசி நொடிகளின் பெனால்டி கார்னரை அவர் தடுத்ததை எல்லோரும் பார்த்தோம். அந்தக் காலுக்கும் கைக்கும் பின்னால், பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக நான்கு தடுப்பாட்டக்காரர்களைச் சொல்லால் இயக்கிய ஒரு வாய் இருந்தது. கோட்டுக்கு வெளியே வந்த பிறகு கோச்சிடம் மிச்சமிருப்பது சொல் மட்டும்தான். ஸ்ரீஜேஷிடம் அது முன்பே பழுத்திருந்தது.

2025 நவம்பர் கடைசியிலும் டிசம்பரிலும் ஜூனியர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. 24 அணிகள். வெண்கல ஆட்டத்தன்று எங்கள் பிள்ளைகளைக் கடற்கரைச் சாலை வழியாக எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்துக்குக் கூட்டிப்போனேன். அரையிறுதியில் ஜெர்மனியிடம் 1-5 என்று அடிவாங்கிய இந்தியா, அர்ஜென்டினாவிடமும் 0-2 என்று பின்தங்கியபடி கடைசிக் கால் பகுதிக்குள் நுழைந்தது. இப்போதெல்லாம் ஆட்டம் 15 நிமிடமாக நான்கு பகுதிகள், முதல் பகுதிக்கும் மூன்றாம் பகுதிக்கும் பிறகு இரண்டு நிமிட இடைவேளை. ஆட்களை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்வது சிட்னி காலத்திலேயே உண்டு. இந்த இடைவேளைகளால் கோச்சுக்கு பாஸ்கரன் காலத்தைவிட இன்று கூடுதல் கதவுகள் திறந்திருக்கின்றன. “பாலைப் பாக்காதீங்கடா, பெஞ்ச் பக்கம் பாருங்க, யாரு வெளிய வரான், யாரு உள்ள போறான், எண்ணுங்க” என்று பிள்ளைகளிடம் சொன்னேன். முதலில் முணுமுணுத்தார்கள். பிறகு எண்ண ஆரம்பித்தார்கள். அந்தப் பகுதியில் நான்கு கோல்கள் விழுந்தன, 4-2. நான்காவது கோலுக்கு அவர்களும் எண்ணிக்கையை மறந்து குதித்தார்கள், நானும்தான்.

எங்கள் பையன் ஒருவன் திரும்பிவரும்போது கேட்டான்: “மாஸ்டர், ஸ்ரீஜேஷ் சாருக்கு மறுபடி பேட் கட்டணும்னு தோணாதா?” தோன்றும் என்றேன். தோன்றாமல் போகிற நாள் வந்தால் அவர் பாதி கோச்தான் என்றும் சொன்னேன். அந்தத் துடிப்பு உள்ளே இருக்க வேண்டும். அதற்குக் கோட்டைத் தாண்ட இடம் கொடுக்கக் கூடாது, அவ்வளவே.

ஸ்ரீஜேஷின் தொடக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்தது வரிசை. சீனியர் அணிக்கு நேரே போகாமல் பதின்ம வயதுப் பையன்களிடம் போனார். சீனியர் ஆட்டக்காரனிடம் ஒரு பாதிச் சொல்லைச் சொன்னால் மீதியை அவன் நிரப்பிக்கொள்வான். பையன்களிடம் முழுச் சொல்லையும் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல வராதவர் அங்கேயே கற்றுக்கொள்வார். பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தின் டிப்ளமாவும், சர்வதேச ஹாக்கிக் கூட்டமைப்பின் படிப்படியான பயிற்சியும் அவசியம்தான். உடம்பின் களைப்பு எப்போது ஏறுகிறது, பயிற்சியின் சுமையை எப்படி வாரவாரியாக ஏற்றி இறக்குவது என்பதெல்லாம் வகுப்பில்தான் கிடைக்கும். ஆனால் சொல்லைப் பிரிக்கிற பழக்கம் சின்னப் பிள்ளைகளிடம்தான் கிடைக்கும்.

கோவில்பட்டியில் இது புரிந்திருக்கிறது. அங்கே ஹாக்கி வீட்டுக்கு வீடு இருக்கிறது. அண்ணன் தம்பிக்கும், மாமா மருமகனுக்கும் சொல்லித்தருகிறார்கள். மாரீஸ்வரன் சக்திவேல் அந்த ஊரிலிருந்து இந்திய அணிவரை போனார். எங்கள் புதுச்சேரியில் அந்தத் தொடர்ச்சி இன்னும் வரவில்லை. ரயில்வேயிலும் வங்கியிலும் காவல்துறையிலும் ஹாக்கியால் வேலை பெற்று, ஆட்டம் முடிந்ததும் மேஜைக்குப் பின்னால் அமைதியாகிவிட்ட நல்ல கைகள் தமிழ்நாட்டிலும் இங்கும் ஏராளம். பெரிய அகாடமி ஒன்றும் வேண்டாம். அவர்களில் ஒருவர் வாரத்தில் இரண்டு காலை, பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளிடம் வந்தால் போதும்.

நான் இப்போது செய்துவருவது இதுதான். என்னிடம் படித்து மாநில அணிவரை ஆடிய பையன்கள் விடுமுறைக்கு வீடு வரும்போது, சின்னவர்கள் குழுவை அவர்களிடம் ஒப்படைக்கிறேன். ஒரு நிபந்தனை: சொல்லித்தரும்போது கையில் ஸ்டிக் இருக்கக் கூடாது. செய்து காட்டக் கூடாது, சொல்லத்தான் வேண்டும். முதல் நாள் எல்லோரும் திணறுவார்கள். “இப்படி... இப்படி...” என்று வெறுங்கையைக் காற்றில் ஆட்டுவார்கள். இரண்டாம் மூன்றாம் நாளில் மெல்லக் குனிந்து, பிள்ளையின் பாதம் எங்கே இருக்கிறது என்று பார்க்க ஆரம்பிப்பார்கள். கல்லூரி மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒருவன், நல்ல சென்டர் ஃபார்வர்டு, போன விடுமுறையில் என்னிடம் வந்து, “அண்ணா, நான் ட்ராப் பண்ணும்போது வலது கைய லூசா விடுறேனா? எனக்கே இப்பதான் தெரியுது” என்றான். அவன் ஆட்டமும் அந்த வாரத்திலிருந்து மாறியிருக்கிறது, டர்ஃபில் அவன் வாங்கும் முதல் தொடுகை முன்பைவிடச் சுத்தம். வரும் கோடையில் அவனுக்கும் இன்னொரு பெண்ணுக்கும், கோல்கீப்பர் அவள், தனித்தனிக் குழு கொடுக்கப்போகிறேன். கோல்கீப்பர்களுக்கென்று எங்களிடம் இதுவரை தனிப் பயிற்சி இருந்ததில்லை.